தொமாசாவின் வயல்

காலையில் மலையேறிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கிளம்பிய செலெடோனியோ, பதினோரு வருடம் கழித்தும் பாதிச் சரிவில்தான் ஏறிக்கொண்டிருந்தான். குரிங்காரோ ஊரின் எந்த வாசலில் நின்று பார்த்தாலும் கரிய கூம்பின் நடுவயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது அவன் தொப்பி. இரண்டு அடி மேலே வைப்பான், சரளை அவனை இரண்டு அடி கீழே கொண்டுவந்து விடும். மற்றவர்களிடம் அந்தச் சரிவு இரண்டடிக்கு ஓரடிதான் பறித்துக்கொள்ளும், அவனிடம் மட்டும் மிச்சம் வைக்காமல் பறித்தது. மழை வந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வான், வெயில் வந்தால் கழுத்துத் துணியை நனைத்துக் கட்டிக்கொள்வான், தூக்கம் வந்தால் இரண்டு குதிகால்களையும் சரளைக்குள் புதைத்துக்கொண்டு சாய்ந்துவிடுவான், விடிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து ஏறுவான். முதல் வருடம் ஊர் இதைப் பற்றிப் பேசியது. இரண்டாம் வருடம் அவகாடோ விலையைப் பற்றிப் பேசியது.

அந்த மலையைக் குரிங்காரோவில் யாரும் மலை என்று சொல்வதில்லை, வயல் என்றுதான் சொல்வார்கள். செலெடோனியோவின் மனைவி தொமாசா பிறப்பதற்கு முன்னால், அவள் அப்பா மக்காச்சோளம் விதைத்து முடித்த நிலத்தில் ஒரு மதியம் விரிசல் விட்டது. ஏர்மாடுகளின் கால்களுக்கு நடுவே புகை வந்தது. மறுநாள் விடிவதற்குள் ஆளுயரம், அந்த வாரத்துக்குள் கோயில் மணிக்கூண்டு உயரம், அடுத்த அறுவடைக்குள் மேகம் முட்டும் உயரம் என்று கருஞ்சரளை குவிந்து எழுந்தது. சில வருடம் நெருப்பைத் துப்பிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை போதுமென்று நிறுத்திக்கொண்டது. நிலம் படுத்துக் கிடந்தாலும் எழுந்து நின்றாலும் நிலம்தான், உடைமைக்காரர் மாறுவதில்லை என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. ஆகவே அடுத்தவர் சோளக்கொல்லைக்குள் கால் வைக்கிறபோது என்ன முறையோ, அதே முறை மலைக்கும் வந்தது. வேலியோரம் நின்று, உங்கள் வயல் வழியாகப் போகிறேன், உத்தரவு கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வேலிக்குள் இருப்பவர், போங்கள், உங்கள் வீடு மாதிரி என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காக வழிகாட்டிகள் கேட்டுக்கொள்வார்கள். கேட்டவர்கள் மூச்சிரைக்க ஏறி, உச்சியைப் பார்த்து, பூட்ஸ் நிறையச் சரளையோடு சாயங்காலம் வீடு திரும்புவார்கள். கேட்காதவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். தலைநகரிலிருந்து நிலம் அளக்க வந்த ஓர் அதிகாரி மூன்று பகல் ஒரே இடத்தில் ஏறியிருக்கிறார். ஆடு மேய்க்கிற ஒருத்தி விஷயத்தைச் சொன்ன பிறகு வேலிப்பக்கம் திரும்பி ஒரு சத்தம் கொடுத்தார். அதுவரை போட்டிருந்த அடிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவரை ஒரே ஓட்டமாக உச்சியில் கொண்டுபோய் நிறுத்தின. அவர் அறிக்கையில் அதை எழுதவில்லை.

அப்பாவுக்குப் பிறகு வயல் தொமாசாவுக்கு வந்தது. மலைக்குப் போகும் வழியில் கடைசி வீடு அவளுடையது. செலெடோனியோ அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். ஊர் வாத்தியக் குழுவில் இரண்டாம் டிரம்பெட் வாசித்தான், மற்ற நேரத்தில் பலகை அறுத்தான். ஊர்த் திருநாளன்று உச்சியில் நின்று ஊதுகிறேன், எட்டு ஊருக்கும் கேட்கும் பாருங்கள் என்று குழுக்காரர்களிடம் பந்தயம் கட்டினான். அன்று காலை அவர்கள் அத்தனை பேரும் வேலியோரம் வந்து நின்றார்கள். உள்ளே தொமாசா மாவரைத்துக்கொண்டிருந்தாள். அவன் டிரம்பெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினான். கேட்டுட்டுப் போப்பா என்று ஒருவன் சொன்னான். "என் பொண்டாட்டி வயலுக்குப் போறதுக்கு என் பொண்டாட்டிகிட்டயே கைகட்டி நிக்கணுமா?" என்றான் செலெடோனியோ. எல்லோரும் சிரித்தார்கள். தொமாசா தலையைத் தூக்கவில்லை. அரைக்கிற கை மட்டும் ஒரு முறை நின்று மறுபடி ஓடியது. மதியத்துக்கெல்லாம் அவன் பாதிச் சரிவுக்கு வந்திருந்தான்.

அவன் இறங்கி வந்திருக்கலாம். இறங்குகிறவனை மலை தடுப்பதில்லை. ஆனால் குரிங்காரோவில் உச்சியைப் பார்க்காமல் திரும்புகிற ஆணுக்குப் பாதிமலை என்று பெயர் வைத்துவிடுவார்கள். வயிற்றுப்போக்கினால் திரும்பி வந்த ஒருவரின் பேரன்மார்கள் இன்றைக்கும் பாதிமலை வீட்டுப் பிள்ளைகள்தான். திரும்பி நின்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், அதுவும் அவனால் ஆகவில்லை. சரி, நீயாவது உத்தரவு கொடுத்துவிடு என்று அக்கம்பக்கத்தார் தொமாசாவிடம் சொன்னார்கள். "கேக்காத உத்தரவை யாருக்குக் கொடுக்கறது? காத்துக்கா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், ஊருக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. சாயங்காலம் கோயில் முற்றத்தில் குழு ஒத்திகை பார்க்கும்போது இரண்டாம் டிரம்பெட் சரிவிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும். காற்றில் கடந்து வருவதால் ஒரு நொடி பிந்தி வரும், அந்தப் பிந்தலே குரிங்காரோ வாசிப்பின் அழகு என்று வெளியூர்க்காரர்கள் புகழ்ந்தார்கள். மலையேற வருகிறவர்கள் அவனோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். தொமாசாவுக்கும் குறையில்லை. வீட்டில் சத்தமில்லை, ஆனால் புருஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தான். செலெடோனியோவுக்கு நல்ல காற்று, நல்ல பசி. எல்லோரும் சௌகரியமாகத்தான் இருந்தார்கள். சாப்பாடு சுமந்தவளைத் தவிர.

வயலில் நிற்கிற ஆணுக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து போக வேண்டும், மனைவியோ மகளோ கொண்டுபோக வேண்டும் என்பது அந்த ஊரின் முறை. மலை வயல்தான் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு, அதில் நிற்கிறவன் வயலில் நிற்கிறவன்தான். தொமாசா சமைத்தாள், தூக்குவாளியில் ஊற்றினாள், ஆனால் வேலியைத் தாண்டவில்லை. மகள் ஹசிந்தா தாண்டினாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பைன்காட்டைக் கடந்து, எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கும் பாறைக்காட்டைக் கடந்து, கருமணலைக் கடந்து, பாதிச் சரிவு ஏறி, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, காலி வாளியோடு இறங்கினாள். மறுநாளும். அதற்கு மறுநாளும். அவள் அண்ணன் ரொகேலியோ வழிகாட்டி. வெளியூர்க்காரர்களைக் குதிரைகளில் மலையடிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து அதே சரிவில் தினமும் மேலே ஏற்றுகிறவன். அப்பாவைக் கடந்துதான் போவான், கடந்துதான் வருவான். சில நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாளியில் பாதியை அவனே காலி செய்வான். ஆனால் வாளியைத் தூக்க மாட்டான், ஏனென்றால் அது பெண்கள் வேலை. இதில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்களுக்கும் தோன்றவில்லை, பாதிரியாருக்கும் தோன்றவில்லை.

ஹசிந்தா கால்நடை மருத்துவம் படித்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய ஊரில் மாலைநேர வகுப்பாகத் தேடிச் சேர்ந்தாள், காலையில் வாளி இருந்ததால். சரிவில் ஓடி இறங்கி அப்படியே பஸ் ஏறுவாள். வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் காலணியைத் தட்ட நேரம் கிடைக்கும். அவள் பெஞ்சுக்குக் கீழே கருஞ்சரளை சேர்ந்தது. பெருக்கினால் மறுநாள் காலை அதே உயரத்துக்கு நின்றது. மூன்றாம் வருடம் அது முழங்கால் உயரக் கூம்பாகி, குளிர்காலத்தில் லேசாகப் புகைந்தது. மற்ற மாணவர்கள் அதில் குளிர் காய்ந்தார்கள். அவள் பட்டம் வாங்கியபோது பாராட்டிப் பேசிய பேராசிரியர், ஹசிந்தா இந்தக் கல்லூரிக்கு ஒரு மலையையே தந்துவிட்டுப் போகிறாள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சரளையைச் சுமந்த பாதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

கடலோர ஊர் ஒன்றில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை மதிய பஸ்ஸில் கிளம்பினால் மறுநாள் காலை சேர்ந்துவிடலாம். வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை அடுப்படியில் வைத்து அம்மாவிடம் சொன்னாள்.

"கடல்னா? மீனுக்கா வைத்தியம் பாக்கப் போற?" என்றாள் தொமாசா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

"மாட்டுக்கும்மா. அங்கயும் மாடு இருக்கு."

"இருக்கும், இருக்கும். நல்ல விஷயம்தான்." தொமாசா முகம் உண்மையாகவே மலர்ந்தது. இன்னொரு ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள். "அப்ப சாப்பாடு?"

ஹசிந்தா அண்ணனைப் பார்த்தாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து கடிவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, நீ தினமும் அந்த வழியாத்தான போற. வாளியைச் சேணத்துல மாட்டிக்கிட்டா குதிரைக்கு என்ன, கரு கலஞ்சிடுமா?"

"குதிரைக்கு ஒண்ணும் ஆகாது. என் மானம்தான் போவும். நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்?"

"அப்பா சாப்பாட்டுல பாதியை நீ தின்னுட்டு வர்றியே, அதை அந்த நாலு பேரு பாக்கலயா?"

"திங்கறது வேற, தூக்கறது வேற. கொஞ்ச நாள் பொறு தங்கச்சி. எனக்குக் கல்யாணம் ஆவட்டும், உங்க அண்ணி தூக்குவா."

"நாலு வருஷமா இதத்தான் சொல்ற. பொண்ணு கேக்கப் போற வீட்டுக்கெல்லாம் உனக்கு முன்னாடி அந்த வாளி போய் நின்னுடுது. எவ வருவா?"

தொமாசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொகேலியோவுக்கு வரவில்லை. அதோடு பேச்சு முடிந்தது. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வாளி யாருடையது என்ற கேள்வி மட்டும் அடுப்படி நடுவில் நின்றது. அதற்குப் பதில் ஹசிந்தா என்பதில் அவளைத் தவிர மற்ற இருவருக்கும் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மாட்டெலும்பு போட்ட சிவப்புக் குழம்பு, இலையில் முக்கோணமாக மடித்து அவித்த சோளக் கொழுக்கட்டை, ஒரு பாட்டிலில் சோளக்கஞ்சி. பைன்காட்டில் மரங்களுக்குக் கீறல் போட்டுப் பிசின் பிடிக்கக் கட்டியிருந்த மண்கிண்ணங்கள் வெயிலில் மணத்தன. பாறைக்காட்டில் காலுக்குத் தெரிந்த கல்லாகப் பார்த்து மிதித்தாள். கருமணலில் குதிரைக் குளம்புத் தடங்கள் கிடந்தன, ரொகேலியோ அன்றைய ஆட்களை முன்னாலேயே ஏற்றி இறக்கிவிட்டிருந்தான். பிறகு கூம்பு. கூரை மாதிரி நிற்கிற சரிவு அது. அங்கே வளைந்து வளைந்து போகிற பாதை கிடையாது, மூக்குக்கு நேரே ஏற வேண்டியதுதான். பூட்ஸ் முனையால் சரளையில் உதைத்துப் பள்ளம் பண்ணி, அது சரிவதற்குள் அடுத்த காலை வைக்க வேண்டும். நின்றால் சரியும், யோசித்தால் சரியும். ஹசிந்தா நிற்கவில்லை. யோசித்துக்கொண்டுதான் ஏறினாள்.

"வந்துட்டியா பாப்பா," என்றான் செலெடோனியோ, ஏறியபடியே. "இன்னிக்கு நேரமாயிடுச்சு."

"நேரமெல்லாம் ஆகல. உங்க பசிதான் முந்திக்கிச்சு."

"என்ன கொழம்பு?"

"செவப்பு. எலும்பு போட்டது."

அவன் ஆசையோடு கையை நீட்டினான். ஹசிந்தா வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "நாளன்னிக்கு நான் கடலோரத்துக்கு வேலைக்குப் போறேம்ப்பா."

"அண்ணன் சொன்னான். போ தாயி, சந்தோஷமா போ. படிச்ச பொண்ணு இந்தச் சரளையிலயா கெடக்கறது." மனதாரத்தான் சொன்னான், கண்கூடக் கலங்கியது. இரண்டடி ஏறி இரண்டடி வழுக்கி மறுபடி அவளுக்கு நேராக வந்ததும் கேட்டான். "அப்ப சாப்பாடு?"

பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத புருஷனும் பெண்டாட்டியும் அச்சுப் பிசகாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஹசிந்தாவுக்குக் காது மடல் சூடேறியது. கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. "மேல கொண்டுபோயி வெக்கிறேன். வந்து சாப்பிட்டுக்கங்க," என்றாள்.

"எங்க மேல?"

"உச்சியில. இங்கேருந்து கொஞ்ச நேரந்தான். போய்ச் சேர்றவங்களுக்கு."

"வெளையாடாத பாப்பா. மேல என்ன இருக்கு? வெறுங்குழி."

"நீங்க பாத்தீங்களா?"

ஹசிந்தா அவனைத் தாண்டி முதல் அடியை வைத்தாள். சரளை ஓரடியை வைத்துக்கொண்டு ஓரடியைக் கொடுத்தது. இது அவளுக்கும் வந்து சேர வேண்டிய வயல், அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. சாப்பாடு கொடுத்தானதும் கீழே பஸ் நிற்குமே என்று ஓடியதில், தன் சொந்த வயலின் மேல்பாதியை அவள் மிதித்ததே இல்லை. கீழ்ப்பாதியின் ஒவ்வொரு கல்லும் அவள் பாதத்துக்குத் தெரியும். மேல்பாதி வேறாக இருந்தது. சரளை பொடிந்து சிவந்தது, பிறகு உள்ளங்கைக்கு வெதுவெதுப்பானது. கடைசியில் நாலு காலில் ஏறினாள், வாளியின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு. குழம்பு வாசனை நேராக மூக்கில் ஏறியது. கீழே அதே வாசனை சரிவில் இறங்கி, வெள்ளைத் தொப்பியை ஒரு கணம் நிற்க வைத்தது.

உச்சி ஒரு மாட்டுவண்டித் தடத்தின் அகலம்தான். உட்பக்கம் மலைவாய் புனல் மாதிரி சரிந்து இறங்கியது, விளிம்பில் அங்கங்கே ஆவி வந்தது. வெறுங்குழி இல்லை, தினமும் ஏறி வருகிற ரொகேலியோகூட ஆவிக்கு அப்பால் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தொமாசாவின் அப்பா விதைத்த மக்காச்சோளம் அங்கே வரிசை கலையாமல் நின்றது, நிலம் எழுந்தபோது கூடவே எழுந்து வந்தது. புனலைச் சுற்றி வட்ட வட்டமாக வளர்ந்திருந்தது. ஹசிந்தா ஒரு கதிரை ஒடித்து மட்டையை உரித்தாள், முத்துகள் பொன்னிறமாகச் சுடுபட்டிருந்தன, ஆவி பறந்தது. உப்பு மட்டும் குறைவு. சூடான கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தின்றாள். பிறகு வாளியைத் திறந்தாள். எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு அப்பாவுக்கு என்பது வீட்டுப் பழக்கம். அவள் அதை உறிஞ்சித் தின்றாள். இத்தனை வருடம் சுமந்த குழம்பு இவ்வளவு ருசி என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சுற்றிலும் பார்த்த இடமெல்லாம் பழைய மலைகள், மரம் போர்த்துக்கொண்டு படுத்திருந்தன. தென்மேற்கில் வானம் வெளுத்துக் கிடந்த இடம் கடலாகத்தான் இருக்க வேண்டும். கீழே அப்பாவின் தொப்பி, அதன் உச்சியில் ஒரு ஓட்டை இருந்தது. எதிரே நின்று பார்த்தவளுக்கு இத்தனை நாள் அது தெரியவில்லை. வேலி, வீடு, அடுப்புப் புகை, எல்லாவற்றையும் ஒரே கையால் மறைத்துவிடலாம் போலிருந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். இருந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தது. அப்படியே ஒரு தூக்கம் போட்டாள்.

மிச்சச் சாப்பாட்டை மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு இறங்கினாள். ஏறுவதற்கு ஒரு காலைப்பொழுது கேட்கிற சரிவு, இறங்குகிறவளை மூன்று பாட்டு நேரத்தில் தரையில் விட்டுவிடும். குதிகாலை ஊன்றி, கையை விரித்து, ஒவ்வொரு தாவலுக்கும் ஆறடி வழுக்கிக்கொண்டு, புழுதி பின்னால் வால்போல எழ ஓடி வந்தாள். அந்த ஓட்டத்தில் யாராலும் நிற்க முடியாது.

"எலும்பை மிச்சம் வெச்சியா?" என்று செலெடோனியோ கத்தினான்.

"சாப்பாடு மேல இருக்கு," என்று கத்திவிட்டு அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டாம் டிரம்பெட் வரவில்லை. குழு ஒரே பாட்டை இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவை நிறுத்தியது. குழுத் தலைவர் வேலியோரம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செலெடோனியோவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். "பசி," என்றாள் தொமாசா. அவர் ஹசிந்தாவைப் பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தொமாசா சமைத்து, இன்னொரு வாளியில் ஊற்றி, மேஜைமேல் வைத்தாள். ஹசிந்தா இஸ்திரி போட்டாள். ரொகேலியோ குதிரையின் குளம்பில் ஏதோ முள் இருக்கிறது என்று சொல்லி அதையே நோண்டிக்கொண்டிருந்தான். வாளியிலிருந்து ஆவி வருவது குறைந்தது, பிறகு நின்றது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த தொமாசா எழுந்தாள். குழம்பைத் திரும்பச் சட்டியில் ஊற்றிச் சுடவைத்து, திரும்ப வாளியில் ஊற்றி, நீலச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினாள். ஹசிந்தா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அந்த வழியில் அவள் வெறுங்கையோடு நடந்தது அதுதான் முதல் தடவை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரொகேலியோ குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, ஊரே பாக்குது. குதிரையில ஏறிக்க."

"குதிரையெல்லாம் வேணாம். ஒத்தாசை பண்ணணும்னா இந்தா, வாளியைப் புடி."

ரொகேலியோ குதிரையோடு பின்தங்கிவிட்டான்.

தொமாசா கனத்த உடம்புக்காரி, ஆனாலும் தன் வயலில் தடுமாறவில்லை. பாதிச் சரிவுக்கு வந்ததும் நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். செலெடோனியோ ஏறுவதை நிறுத்தினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"மெலிஞ்சிட்ட," என்றாள் தொமாசா.

"நீ நல்லா தடிச்சிட்ட."

"எனக்கென்ன, உக்காந்த எடத்துல சாப்பாடு. தொப்பியில ஓட்டை விழுந்திருக்குன்னாளே. காட்டு."

அவன் குனிந்து காட்டினான். அவள் ஓட்டையில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, ம் என்றாள். கையில் வாளி இருந்தது, குழம்பின் சூடு இன்னும் போகவில்லை. செலெடோனியோவின் கண் அதன்மேல்தான் இருந்தது. தொமாசா வாளியை நீட்டவில்லை. "மேல சோளம் வெளஞ்சிருக்காம், இவ தின்னுட்டு வந்திருக்கா. எங்கப்பா விதைச்சது. போயி பாக்கணும்," என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டி ஏற ஆரம்பித்தாள். கீழே பத்தடி தள்ளி நின்றிருந்த ஹசிந்தா அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் முதுகு அசைந்து அசைந்து மேலே போனது.

"தொமாசா," என்றான் செலெடோனியோ. "நானும் வரட்டா?"

அவள் திரும்பவில்லை. "வா," என்றாள். "உன் வீடு மாதிரி."

செலெடோனியோ காலை எடுத்து வைத்தான், சரளை பறிக்கவில்லை. அடுத்த காலை வைத்தான். பிறகு நடை ஓட்டமானது. தொமாசாவைத் தாண்டி, சிவப்புச் சரளையைத் தாண்டி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான், அங்கேயும் நிற்கவில்லை. நிலம் அளக்க வந்த அதிகாரிக்கு மூன்று பகல் அடிகள்தான் சேர்ந்திருந்தன, மலை அதற்குப் போதுமானதாக இருந்தது. செலெடோனியோவுக்குச் சேர்ந்திருந்தவை அதற்கு அடங்கவில்லை. விளிம்பைத் தாண்டி, மலைவாய்க்கு மேலே வெறும் காற்றில், படிக்கட்டில் ஏறுகிறவன் மாதிரி ஏறிப்போனான். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பருந்தின் உயரம்வரை போன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். "எறங்கி வா, குழம்பு ஆறுது," என்று தொமாசா கீழிருந்து கூப்பிட்டாள். இறங்கும் வழி பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, இறங்கிய பிறகும் பாதம் தரையில் பதியவில்லை. அதற்குள் அம்மாவும் மகளும் ஆளுக்கு இரண்டு கதிர் தின்றுவிட்டார்கள். தொமாசா சால்வை முனையில் முடிந்து உப்பு கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் ஒத்திகையில் இரண்டாம் டிரம்பெட் கோயில் முற்றத்துக்கு நேர் மேலேயிருந்து வந்தது, பிந்தாமல் வந்தது. குழுத் தலைவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இருட்டுவதற்கு முன்னாலேயே ஊர்க்கூட்டம் கூடியது, ஒரு விஷயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. செலெடோனியோ இனி வானத்தில்தான் நடமாடுவான் என்றால், அவனுக்கு மதியச் சாப்பாடு யார் கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது? பெண்கள் ஏணி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். ஹசிந்தா எழுந்து நின்று, வானம் யாருடைய வயல் என்று கேட்டாள். நிலக் கணக்குகளைப் பார்க்கிற பொறுப்பாளர் புத்தகத்தை முழுக்கப் புரட்டினார். யாருடையதும் இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. வயலில் நிற்காதவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் முறை குரிங்காரோவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்படியே தீர்மானம் ஆனது.

திங்கட்கிழமை மதிய பஸ் வேலியோரம் வந்து நின்றபோது ஹசிந்தா பெட்டியோடு தயாராக இருந்தாள். செலெடோனியோ பைன்காட்டுக்கு மேலாக நடந்து வந்து, கூரைக்குப் பக்கத்தில் குனிந்து, வாசல்வழியாக உள்ளே நுழைந்தான். தரைக்கு ஒரு சாண் மேலே நின்றபடி அடுப்படியை எட்டிப் பார்த்து, சாப்பாடு இருக்கா என்று கேட்டான். "சட்டியில இருக்கு, போட்டுக்க," என்றாள் தொமாசா, தொப்பி ஓட்டையைத் தைத்துக்கொண்டே. அவன் கரண்டியைத் தேடினான். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தேடி எடுத்தான். தட்டை எடுத்தான். சட்டிக்கு மேல் குனிந்து தானே ஊற்றிக்கொண்டான். செய்தி தெருவுக்குப் போய், அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ஜன்னலில் தலைமேல் தலையாக நின்று பார்த்தார்கள். ரொகேலியோ குதிரையை விட்டுவிட்டு வந்து பார்த்தான். ஒருவர் கண்ணும் தரைக்கும் பாதத்துக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு சாணைப் பார்க்கவில்லை, எல்லோரும் கரண்டியைத்தான் பார்த்தார்கள்.

செலெடோனியோ தட்டோடு திரும்பி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தான். "தூரம் போறவ. உனக்கும் கொஞ்சம் போடட்டா பாப்பா?"

"போடுங்க," என்றாள் ஹசிந்தா. "எலும்பு போட்டு."

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பஸ் டிரைவரும் இறங்கி வந்து ஜன்னலோரம் எக்கி நின்றிருந்ததால், பஸ் அன்று அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கிளம்பியது.